ஊன்றுகோலும் அருளே



தொண்டை நன்னாட்டிலே திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரையிற் பரந்து கிடக்கும் தொழிற்சாலை நிரலை இன்று காண்பார்க்கு, அந்நிலம் சைவ நன்மக்களுக்கு எத்துணை அணுக்கமானது என்னும் நினைவு எளிதில் எழுவதில்லை. கிழக்கே குன்றத்தூர், திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய பதி. வடகிழக்கே திருநின்றவூர், நெஞ்சினுள்ளே கோயிலெடுத்த பூசலார் நாயனார் வாழ்ந்த ஊர். தென்மேற்கே கச்சி ஏகம்பம். வடக்கே பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகே திருவெண்பாக்கம். தெற்கே மறைமலை நகர், சைவ சித்தாந்த உலகிற்குப் பேருழைப்பு நல்கிய மறைமலையடிகளின் பெயரையே தாங்கி நிற்கின்றது. பல்லவ நரசிங்கவர்மனும் சளுக்கியப் புலிகேசியும் ஏழாம் நூற்றாண்டிற் பொருத களங்களுள் ஒன்றாகிய மணிமங்கலமும் ஒரகடத்திற்கு அண்மையதே. திருப்பெரும்புதூர்தானும் இராமாநுசர் அவதரித்த ஊராகலின் வைணவர்க்கும் போற்றற்குரியது. இத்தகைய நிலத்திலே இப்பொழுது மணியோசைக்குப் பதிலாகச் சங்கொலி கேட்கின்றது. அதுவும் கோயிற் சங்கன்று, ஆலைச் சங்கு.

இதனைக் குறையாக யாம் கூறினோமல்லேம். வானம் பார்த்த ஏரிப் பாசனத்தை நம்பியிருந்த குடிகள் பலவற்றிற்கு அவ்வாலைகளே சோறிட்டன. 1998ஆம் ஆண்டில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் வெளிவரத் தொடங்கின. 2006இல் திருப்பெரும்புதூரில் நோக்கியா நிறுவனத்தார் கைப்பேசி செய்யத் தொடங்கினர். 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலையும், அதன்பின் டெய்ம்லர் நிறுவனத்தின் சரக்கு வண்டி ஆலையும் எழுந்தன. செய்யாறு, திருவண்ணாமலை, விழுப்புரம், கடலூர் முதலிய இடங்களிலிருந்தெல்லாம் இளைஞரும் இளம்பெண்களும் பேருந்தேறி வந்தனர். தந்தையின் கடனை அடைத்தவர், தம்பியைப் படிப்பித்தவர், ஓலைக் கூரையை ஓடாக்கியவர் அவருள் எத்தனையோ பேர்.

ஆயின் உலகியலில் ஏற்றமுள்ள இடத்தே இறக்கமும் உண்டு. நேர்ப்பணியாளர் மட்டுமே ஏறக்குறைய 8,000 பேர் உழைத்த அக்கைப்பேசி ஆலை 2014 நவம்பர் 1ஆம் நாள் உற்பத்தியை நிறுத்திற்று. வரி வழக்கொன்று ஒருபுறம். நிறுவனத்தின் கைப்பேசித் தொழில் மைக்ரோசாப்டுக்குக் கைமாறியபோது இவ்வாலை மட்டும் அவ்விற்பனையிற் சேராது நின்றமை ஒருபுறம். பொத்தானமுக்கும் கைப்பேசியை விட்டு உலகம் தொடுதிரைக்குத் தாவியமை மற்றொருபுறம். அவ்வாலையை நம்பி உதிரியுறுப்புக்கள் செய்துவந்த தொழிலகங்களும் அடுத்தடுத்துச் சாய்ந்தன. மறு ஆண்டு, 2015 திசம்பர் முதல் நாளில், தாம்பரத்தில் 49 சென்றிமீட்டர் மழை பொழிந்து, செம்பரம்பாக்கம் ஏரியினின்று நொடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டு, அடையாற்றங்கரை முழுதும் மூழ்கியது. 2020இல் தீநுண்மி நோய். 2021இல் மறைமலை நகரில் ஃபோர்டு நிறுவனத்தார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக அறிவித்து, அடுத்த ஆண்டில் அவ்வாறே நிறுத்தினர். அடிமேல் அடி.

இனிச் செய்திக்கு வருவாம். சென்ற திங்கள் குன்றத்தூரையடுத்த ஓரூரிலே பெரிய புராணத் தொடர்ச் சொற்பொழிவு நிகழ்த்துமாறு அன்பர் சிலர் எம்மை அழைத்திருந்தனர். அன்று தம்பிரான் தோழராகிய சுந்தரமூர்த்தி நாயனார் கண்ணிழந்த பகுதி. சொற்பொழிவு முடிந்து திருநீறு வழங்கிக்கொண்டிருக்கையில், முப்பத்தெட்டு வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர், கூட்டம் கலையும் வரையிற் காத்திருந்து, எம்மை அணுகி வினவினார்:

“ஐயா, நாயனாருக்குக் கண் போனது, உடனே ஒரு கோலாவது கிடைத்தது. எனக்கு வேலை போனது. கோல் கூடக் கிடைக்கவில்லை. எல்லாரும் அது உன் வினை என்கிறார்கள். நீங்களும் அதைத்தான் சொல்வீர்களா?”

அவர் பத்தொன்பது வயதில் உதிரியுறுப்புத் தொழிலகம் ஒன்றிற் சேர்ந்தவராம். அதன் பெயர் ஈண்டு வேண்டா. ஒன்பதாண்டு இரவும் பகலும் ஷிப்டு மாறி மாறி உழைத்தவராம். 2015ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாட் காலை வாயிற் கதவிலே ஒரு தாள் ஒட்டியிருக்கக் கண்டாராம். பின்பு மகளிர் விடுதியொன்றிற் சமையற் பணி, அதன்பின் தையல், இடையிடையே ஒன்றுமின்மை. புதிய ஆலைகள் வந்தபோது விண்ணப்பித்தார். பதினெட்டு, இருபது வயதுப் பெண்களையே அவை விரும்பின. இவற்றையெல்லாம் அவர் அழாது கூறினார். அதுவே எமக்கு மிகத் துயரந் தந்தது.

அன்பர்களே, ஓருண்மையை மறையாது கூறுவோம். அவ்வினா எழுந்தவுடன் எம் நாவிற்கு முதற்கண் வந்த விடை, “அம்மா, எல்லாம் பிராரத்த வினை, அநுபவித்துத்தான் தீர வேண்டும்” என்பதே. முப்பதாண்டு சித்தாந்தம் பயின்றதன் பயன் அவ்வளவே போலும்! வாய் திறக்குமுன் ஏதோ ஒன்று எம்மைத் தடுத்தது. அவர் முகமே தடுத்தது என்று சொல்லினும் அமையும். அவ்விடையை அவர் முன்னரே நூறு முறை கேட்டவர். கேட்டு ஒருமுறையேனும் ஆறுதல் பெற்றிலர்.

அப்பொழுது திருஞானசம்பந்தப் பிள்ளையார் கொங்கு நாட்டிற் செய்தருளிய செயல் எம் நினைவிற்கு வந்தது. திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே, இக்காலத்துத் திருச்செங்கோட்டிலே, பிள்ளையார் எழுந்தருளியிருந்த பனிக்காலத்தில், உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியது. வருந்திய அடியார்கள் பிள்ளையாரிடம் முறையிட்டபொழுது, இஃது இந்நிலத்துக்கு இயல்பு என்று கூறினார் என்பது சேக்கிழார் வாக்கு. பிள்ளையார் அதனைக் கேட்டு வாளாவிருந்தாரோ? இலர். திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பதிகம் பாடினார். அடியாரைப் பற்றிய சுரம் மட்டுமன்றி அந்நாட்டையே விட்டுச் சுரம் அகன்றது.

அப்பதிகத்தின் முதற்பாட்டிலே பிள்ளையார் நம்மனோரை நோக்கி ஒரு வினாத் தொடுக்கின்றார். முன்செய்த அவ்வினைக்கு இப்பொழுது வந்த இது பயன் என்று சொல்ல மட்டும் அறிந்து, அதனின்று பிழைக்கும் வழியை நாடாதிருத்தல் உங்களுக்குக் குறையன்றோ என்பது அதன் கருத்து. அன்பர்கள் இதனை ஊன்றி நோக்கல் வேண்டும். இவ்வாறு வினவுகின்றவர் வினையை மறுக்கும் உலகாயதரல்லர், சமயகுரவருள் முதல்வர். வினைக்கோட்பாட்டை ஒப்புக்கொண்டே, அதனைச் சோம்பலுக்குப் போர்வையாக்குவதைக் கடிகின்றார். அதனோடும் அமையாது, கையாற் செய்யும் திருத்தொண்டினைக் கூறி, அடுத்த பாட்டிற் சோலை வளர்த்தலையும் குளந் தோண்டுதலையும் எடுத்தோதுகின்றார். பிள்ளைப்பாக்கத்து ஏரியும் திருப்பெரும்புதூர் ஏரியும் செம்பரம்பாக்கத்திற்கு நீரூட்டும் இந்நாட்டிலே, குளந் தொடுதல் சிவப்பணியென்று கேட்பது வியப்பன்று. வெள்ளத்திற்கு அஞ்சிய பின்னரேனும் கேட்டிருக்கலாம்!

எனவே, “உன் வினை” என்னும் சொல் யாண்டு நின்று வருகின்றது என்பதே ஆராயத் தக்கது. தனக்கு வந்த துன்பத்தை ஒருவன் தன் வினைப்பயனென்று தானே கொண்டு, பிறரை நோவாது, இறைவன் திருவடியைப் பற்றுவானாயின், அது பக்குவத்தின் அடையாளம். அயலான் துன்பத்தைக் கண்டவன் அதே சொல்லை எறிந்துவிட்டு நடப்பானாயின், அது உதவாமைக்கு ஓர் உரையேயன்றி வேறில்லை. எவ்வுயிர்க்கு எவ்வினை எப்பொழுது பயன்தரும் என்பதை அறிந்து ஊட்டுபவன் இறைவன் ஒருவனே என்பது சித்தாந்தம். வினை அறிவற்ற சடம்; அது தானே வழியறிந்து வந்து ஒருவனைச் சாராது. செய்தவன் உயிராயினும், தன் செயலின் பயனைத் தானே தேர்ந்து நுகரும் அறிவு அதற்கில்லை. ஆகலின் மருத்துவன் நோயறிந்து மருந்தூட்டுதல்போல இறைவனே கூட்டுவிக்கின்றான் என்பர் நம் ஆசிரியர். அங்ஙனமாயின், பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சுட்டி “இஃது இன்ன வினையின் பயன்” என்று தீர்ப்புச் சொல்லப் புகுந்தவன் இறைவனது இருக்கையில் ஏறி அமர்ந்தவனாகின்றான். ஆணவம் எத்தனை வேடம் புனையும் என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இன்னும் ஒன்று. குடமொன்று தோன்றுதற்கு மண் முதற்காரணம், திரிகையும் கோலும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என மூன்று காரணம் வேண்டும் என்று சித்தாந்த மாணவன் தொடக்கத்திலேயே கற்கின்றான். ஒரு மட்குடத்திற்கே ஒரு காரணம் போதாதென்று வாதிடுபவன், ஒரு குடும்பம் குலைந்ததற்கு மட்டும் விதி என்னும் ஒரே சொல்லோடு அமைவது யாங்ஙனம் பொருந்தும்? வழக்கும், வாணிகக் கைமாற்றமும், பொறியியல் மாற்றமும் துணைக்காரணங்களே. அவற்றை ஆராய்ந்தறிதலும், உரிய ஈட்டுத்தொகையைக் கேட்டுப் பெறுதலும், ஒன்று கூடி முறையிடுதலும் திருவருளுக்கு மாறாவென எண்ணற்க. அம்மையாரிடம் இதனைக் கூறியபோது, அவர் முதன்முறையாக நிமிர்ந்து எம்மை நோக்கினார். “அப்போது நான் ஒன்றும் கெட்டவளில்லை?” என்றார். பதினோராண்டாக அவர் நெஞ்சை அழுத்தியிருந்த கல் எதுவென அப்பொழுதன்றோ எமக்குப் புலனாயிற்று! வேலையிழந்த துயரினும், தாம் ஏதோ பாவஞ் செய்தவர் என்னும் எண்ணமே அவரை மிகுதியும் வாட்டியிருந்தது.

இனி அவர் வினாவின் முதற்பகுதி, ஊன்றுகோலைப் பற்றியது. அதற்கு விடை கூறுதல் அத்துணை எளிதன்று.

சுந்தரர் வரலாற்றை அன்பர்கள் அறிவீர்கள். திருவொற்றியூரிலே சங்கிலியாரைப் பிரியேனென மகிழின்கீழ் ஆணையிட்டுக் கொடுத்தவர், திருவாரூர் வசந்த விழாவை நினைந்து ஆற்றாராய், ஒற்றியூர் எல்லையைத் தாண்டிய அளவில் இருகண்ணும் மறையப் பெற்றார். அங்குநின்று வடதிருமுல்லைவாயில் வணங்கித் திருவெண்பாக்கம் போந்தார். கோயிலில் இருக்கின்றீரோ என்று இறைவனை வினவினார். தோழராயிற்றே! கண்ணைத் தருவார் என்றே எதிர்பார்த்திருப்பார். இறைவனோ, இருக்கின்றோம், நீர் போம் என்னும் பொருள்படக் கூறி ஓர் ஊன்றுகோலை அளித்தார். நாயனார் அக்கோலைப் பெற்று மகிழ்ந்தாரோ? இல்லை, மனம் வெதும்பிப் பாடினார். பின் திருவாலங்காடு வழியே காஞ்சியை அடைந்து, காமகோட்டம் பணிந்து, ஏகம்பர் திருமுன் நின்று பாட, இடக்கண் பெற்றார். அங்கும் முழுமையன்று, ஒரு கண்ணே. அவ்வொரு கண்ணோடு தலந்தோறும் நடந்தார். இடையே உடற்பிணியும் வந்தது. திருத்துருத்தியில் நீராடித் தீர்ந்தது. திருவாரூரை அடைந்து, தோழமை உரிமையால் இறைவனைக் கடிந்தே பாடி, வலக்கண் பெற்றார்.

இவ்வரலாற்றிலே நாம் காணத்தக்கன பல, இரண்டைக் கூறுவோம். முதலாவது, நாயனார் முறையிட்டார் என்பது. துன்பம் வந்தபொழுது வாய்மூடிப் பொறுத்திருப்பதே பத்தி என்று கருதுவார் உளர். நம்பியாரூரர் அங்ஙனம் கருதினாரல்லர். தாம் பிழைசெய்ததையும் மறுத்தாரல்லர். இறைவனோடு வழக்காடுதலையும் விட்டாரல்லர். நம்பிக்கை என்பது முறையீட்டின் எதிர்ச்சொல்லன்று. முறையிடுபவன், கேட்பவன் ஒருவன் உளன் என்று நம்புகின்றான். நம்பாதவனே வாளா நடந்துவிடுவான். இரண்டாவது, அருள் அவருக்கு ஒருங்கே வந்திலது. முதலிற் கோல், பின் ஒரு கண், பின் மற்றொரு கண். கோலைப் பெற்ற இடத்தே அவர் அமர்ந்து, கண் வந்தாலன்றி எழேன் என்று கிடந்திருப்பாராயின், ஏகம்பத்தை எங்ஙனம் அடைந்திருப்பார்? வெம்பிக்கொண்டே கோலூன்றினார், அதுதான் அவர் பெருமை. வெதும்பாது ஊன்றினார் என்று நாம் சொல்லின் அது சேக்கிழாருக்கும் மாறு, மனித இயற்கைக்கும் மாறு.

மறைத்தலும் இறைவன் ஐந்தொழிலுள் ஒன்றென்பது சித்தாந்திகள் துணிபு. படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தனுள் மறைத்தலை மட்டும் கொடுமையென எண்ணுவார்க்கு, அதுவும் அருளே என விடை கூறினர் நம் ஆசான்மார். திரோதான சத்தி உயிரை உலகநுகர்ச்சியிற் செலுத்தி மலத்தைப் பக்குவப்படுத்தும். பக்குவம் முதிர்ந்தவழி அச்சத்தியே அருட்சத்தியாய் விளங்கும். கண்ணை மறைத்தவரும் கோலை நீட்டியவரும் ஒருவரே என்பதைத் திருவெண்பாக்கம் காட்டுகின்றது. அப்பழம்பதியே மறைந்துபோயிற்று என்பதையும் ஈண்டு நினைக. 1944இல் பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய தலம் நீருட்பட்டது. பின்னர்க் கோயிலைப் பெயர்த்து அருகே எடுத்தனர். சென்னை மாநகர் பருகும் நீரின் கீழே நாயனார் கோல் பெற்ற மண் கிடக்கின்றது. ஊன்றுகோல் அளித்த நாதர் அங்கு இன்றும் வழிபாடு கொண்டருளுகின்றார்.

ஈண்டுச் சிலர் ஒரு தடை நிகழ்த்துவர். “மூடிய ஆலைகள் மீண்டும் திறக்கப்பட்டனவே, அதுவன்றோ நம்பிக்கைக்குச் சான்று?” என்பர். உண்மைதான். அக்கைப்பேசி வளாகத்தைச் சால்காம்ப் என்னும் நிறுவனத்தார் கொண்டு, 2020 முதல் அங்கு மின்னேற்றிகள் செய்து வருகின்றனர். மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதியின் பொருட்டு மீண்டும் இயக்கும் எண்ணத்தை 2024இல் ஃபோர்டு நிறுவனத்தார் தெரிவித்தனர். அதே ஆண்டு ஆகத்துத் திங்களில் வல்லம் வடகாலில் 18,720 பணிமகளிர் தங்குதற்குரிய பெருவிடுதி திறக்கப்பட்டது. இவை மகிழ்தற்குரியனவே. ஆயினும் இவற்றைக் காட்டி அவ்வம்மையாரிடம் “பார்த்தீரா?” என்று கேட்க எமக்கு நாவெழவில்லை. ஆலை மீளலாம், அவரது இருபத்தெட்டாம் வயது மீளாது. புதிய விடுதியின் படுக்கைகள் புதிய பெண்களுக்கே. இழந்தது அவ்வடிவிலேயே திரும்பிவரும் என்று சொல்வது நம்பிக்கையன்று, ஆசை காட்டல். நாயனாருக்கு இழந்த கண்ணே மீண்டது, ஆனால் மீளுமுன் அவருக்குக் கிடைத்தது முன்பின் அறியாத ஒரு மரக்கோல். அதனைப் பற்றுதற்கும் நெஞ்சு திறந்திருத்தல் வேண்டும்.

இதனைக் கூறியபொழுது அம்மையார் சற்றுத் தயங்கி மற்றொன்று சொன்னார். இருங்காட்டுக்கோட்டையை அடுத்த தொழிலகம் ஒன்றில், ஒப்பந்தப் பணியாக, செய்பொருளின் தரம் பார்க்கும் வேலைக்கு அவரை வரச் சொல்லியிருந்தனராம். அதற்குக் கணிப்பொறி பழக வேண்டும். பழக்கித் தருபவளோ இருபத்துமூன்று வயதுப் பெண். “நான் லைனில் நின்றபோது அவள் பள்ளிக்கூடம் போயிருப்பாள், ஐயா. அவளிடம் போய்க் கைகட்டி நிற்பதா என்று இரண்டு வாரமாகப் போகவில்லை” என்றார்.

எமக்குச் சிரிப்பு வந்தது. அவரை நோக்கியன்று, கோல் கையருகே கிடந்ததை நோக்கி.

அவருக்கு யாம் திருவெண்ணெய்நல்லூர் வரலாற்றைச் சொன்னோம். மெய்கண்ட தேவர்க்குக் குலகுருவாயிருந்தவர் சகலாகம பண்டிதர். ஆகமங்கள் அனைத்தும் வல்லவர். ஆண்டிலும் கல்வியிலும் மூத்தவர். சிறுபிள்ளையொருவர் சிவஞானம் போதிக்கின்றாரெனக் கேட்டு, தம்மை வந்து காணாமைக்குச் சினந்து, தாமே அங்குச் சென்றார். அங்கு ஆணவமலத்தின் இயல்பு பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. ஆணவத்தின் வடிவு யாது என்று செருக்கோடு வினவினார். மெய்கண்டார் யாதொன்றுங் கூறாது அவரையே சுட்டிக் காட்டினார். அந்நொடியில் அம்முதியவர் செய்தது யாது? சினந்து திரும்பியிருக்கலாம், ஆயிரம் ஆகம வசனங்களைப் பொழிந்து வாதிட்டிருக்கலாம். அவர் அக்குழந்தையின் அடியில் வீழ்ந்தார். அருணந்தி சிவம் என்னும் பெயர் பெற்றார். சிவஞான சித்தியார் என்னும் பெருநூலை நமக்குத் தந்தார்.

அந்நூலின் பரபக்கத்திலே அருணந்தியார் பதினான்கு புறச்சமயங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கொள்கையையும் அச்சமயத்தார் வாய்மொழியாகவே முதற்கண் நிறுத்திப் பின்னரே மறுக்கின்றார். பிறன் சொல்வதைப் பிறன் சொல்லுமாறே கேட்கும் செவி அவருக்கு எங்கிருந்து வாய்த்தது? ஒரு குழந்தையிடம் தோற்ற அன்றைக்கே வாய்த்ததென்பது எம் கருத்து. நம்மவரிற் பலர் பரபக்கத்தை வாதத்திற்குக் கருவியாகக் கற்கின்றனர். அதனை எழுதினவர் தோற்றுக் கற்றவர் என்பதை மறந்துவிடுகின்றனர். எம்மையும் அப்பலருள் ஒருவராகவே எண்ணுக. மறைமலையடிகளும் 1911இல் கல்லூரிப் பணியை நீங்கிப் பல்லாவரம் சேர்ந்தபொழுது, உறுதியான ஊதியத்தை விட்டே சென்றார். சென்றவர் சமரச சன்மார்க்க நிலையம் கண்டு, பின்னர் அதனைப் பொதுநிலைக் கழகமெனத் தூயதமிழ்ப் பெயராற் குறித்தார். முதிர்ந்த புலவர், தாம் இட்ட பெயரையே மாற்றிக்கொள்ள நாணினாரல்லர்.

நெஞ்சு திறத்தல் என்று யாம் கூறுவது வந்ததெல்லாம் நன்றென்று தலையசைத்தலன்று. ஒப்பந்தப் பணியின் குறைகளை அவ்வம்மையார் எம்மினும் நன்கறிவார். எந்நாளும் நிறுத்தப்படலாம் என்பதும் அறிவார். அதனைக் கோல் என்று மட்டுமே அவர் கொள்ளல் வேண்டும். கண்ணென்று கொள்ளுதல் வேண்டா. பூசலார் நாயனாரும் பொருள் தேடி எங்கும் அலைந்து, கிடையாமையின் வருந்தி, அதன்பின்னரே நெஞ்சினுட் கோயிலெடுத்தார். முன்னரே மனக்கோட்டை கட்டி அமர்ந்தாரல்லர். உள்ளே எடுத்த கோயிலிலும் அடிநிலை முதல் சிகரம் வரை, கிணறு, மதில், திருக்குளம் ஒன்றும் குறைவின்றி, நாட்குறித்து முடித்தார். வறுமை அவர் கையைக் கட்டியது, கருத்தைக் கட்டிற்றில்லை.

அம்மையார் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தார். பின், “அந்தப் பெரியவரே விழுந்து கும்பிட்டாரென்றால், நான் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கேட்பதற்கென்ன” என்று கூறித் திருநீறு பெற்றுச் சென்றார்.

இருபது நாட்கள் கழிந்தன. ஏகம்பத்தில் நாயனார் இடக்கண் பெற்ற பகுதியைச் சொல்லும் நாளன்று அவர் வந்திருந்தார்; உடன் ஓர் இளம்பெண்ணும் வந்திருந்தாள். “இவள்தான் ஐயா என் வாத்தியார்” என்றார். அப்பெண் நாணித் தலைகவிழ்ந்தாள். வேலை எப்படி என வினவினோம். பாதி விளங்குகிறது, பாதி விளங்கவில்லை, மூன்று திங்களுக்குப் பின் வைத்துக்கொள்வார்களா என்பதும் தெரியவில்லை என்றார். திருவாரூர்ப் பகுதி எப்பொழுது என்று கேட்டார். வரும் திங்கள் முதல் ஞாயிறு மாலை ஆறு மணிக்கு என்றோம். ஆறரைக்குத்தான் ஷிப்டு முடியும், வலக்கண் வருவதைக் கேளாமற் போய்விடுமே என்று இருவரும் ஒருங்கே வருந்தினர். அன்பர்களோடு கலந்து, சொற்பொழிவை ஏழரை மணிக்குத் தொடங்குவதென்று முடிவு செய்யப்பட்டது.

திருச்சிற்றம்பலம்.